எழுத வேண்டாமென்று சொன்ன பக்கம்

நான் ஒரு செத்த மனிதரைத் திருடியிருக்கிறேன். அதுவும் அவருடைய முப்பத்தொன்றாம் நாள் வருவதற்கு முன்பே.

இத்தனை வருடங்களாக இதை மேடைகளில் வேறு விதமாகச் சொல்லி வந்திருக்கிறேன். "உங்கள் பாத்திரங்களை எங்கிருந்து எடுக்கிறீர்கள்?" என்று யாராவது கேட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அவர்களாகவே என்னைத் தேடி வருகிறார்கள்" என்பேன். கண்ணாடி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருக்கும். போன கிழமை இந்தத் தொடரைப் படித்த ஒரு வாசகி அதே கேள்வியைக் கடிதத்தில் கேட்டிருக்கிறார். கடிதத்துக்கு முன்னால் கண்ணாடியைத் துடைத்து என்ன பயன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பதினோராம் மாடி. தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு மாசி மாதம். சனிக்கிழமை காலை. ஹீட்டரின் வெக்கையில் சாம்பிராணி மணம் ஏறி அறையெங்கும் நின்றது. மேசையில் ஒரு பிளாஸ்டிக் பை நிறையப் புகைப்படங்கள். எதிரே மனோன்மணி அக்கா. கணவர் வைத்திலிங்கம் அண்ணை பஸ் தரிப்பிடத்தில் மாரடைப்பால் விழுந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"எங்கையிருந்து தொடங்கிறது, தம்பி?" என்று கேட்டார்.

"பிறந்ததிலையிருந்து, அக்கா" என்றேன். எல்லோருக்கும் நான் அதைத்தான் சொல்வது.

பதினேழு பேருக்கு ஒரே முகம்

அந்த நாட்களில் நான் கல்வெட்டு எழுதிக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டு வாசகர்கள் உளியோடு என்னைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். யாழ்ப்பாணத்தாருக்குக் கல்வெட்டு என்பது, ஒருவர் இறந்து முப்பத்தொன்றாம் நாள் விருந்துக்கு வருபவர்களின் கையில் கொடுக்கும் சிறு புத்தகம். முன்னட்டையில் இறந்தவரின் படம், உள்ளே வாழ்க்கை வரலாறு, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல். புலம்பல்கள் முழுக்க விருத்தத்தில் இருக்கும். புலம்புகிறவர்களுக்கு விருத்தம் வராததால் என்னைக் கூப்பிடுவார்கள்.

வாரநாட்களில் விட்பியில் ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்டிக் வாளிகளுக்குக் கைபிடி மாட்டினேன். சனி, ஞாயிறுகளில் துரை அண்ணையின் அச்சகத்துக்காகக் கல்வெட்டு. இரண்டு வேலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் யாராவது தூக்கிப் பார்க்கும்போதுதான் பிழை தெரியும்.

கல்வெட்டில் எல்லா மனிதர்களும் ஒரே மனிதர்தான். நற்குடியில் பிறப்பார், கல்வியில் சிறப்பார், கரம் பற்றுவார், காலமாவார். "இன்முகம் காட்டி விருந்தோம்பும் பண்பினர்" என்ற வரியைப் பதினேழு பேருக்குக் கொடுத்திருக்கிறேன். அவர்களில் இரண்டு பேருடைய வீட்டில் எனக்குத் தேத்தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்திருந்தேன். விபரம் எல்லாம் சொல்லி முடிந்து, நான் பேனாவை மூடிய பிறகுதான் அவர்கள் உண்மையில் பேசத் தொடங்குவார்கள். "சும்மா சொல்லுறன், எழுதிப்போடாதையுங்கோ" என்று ஆரம்பிப்பார்கள். ஊரே நடுங்கிய ஒரு தலைமையாசிரியர் இடி இடித்தால் அலுமாரிக்குள் போய் இருந்துவிடுவாராம். அதை எழுதக் கூடாது. "அஞ்சா நெஞ்சர்" என்று எழுத வேண்டும். எழுத வேண்டாமென்று சொன்ன அந்தப் பக்கத்தில்தான் ஒரு ஆள் உயிரோடு நடமாடுவார். நான் கல்வெட்டைத் துரை அண்ணையிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கத்தை வீட்டுக்குக் கொண்டுபோவேன்.

என் பாத்திரங்கள் அங்கிருந்து வந்தவர்கள்தான். அவர்களாகவே தேடி வந்தார்கள் என்பதும் ஒரு வகையில் சரி. நம்பி வந்தார்கள்.

சிரிக்கிற பன்றி

வைத்திலிங்கம் அண்ணையை எனக்கு முன்பே கொஞ்சம் தெரியும். ஒரு பண்டகசாலைக் கட்டடத்தில் இயங்கிய எங்கள் கோயிலில் வெள்ளிக்கிழமைகளில் தேவாரம் பாடுவார். கற்பூரத் தட்டை அவர்தான் எடுத்துக் கொடுப்பார். சட்டைப் பையில் பழைய பிலிம் டப்பா ஒன்றில் திருநீறு வைத்திருப்பார். யார் கேட்டாலும் மூடியை டொக்கென்று திறந்து நீட்டுவார். முட்டைகூடத் தொடாத சைவம்.

பேனாவை மூடினேன். மனோன்மணி அக்கா புகைப்படங்களை ஒழுங்காக அடுக்கிவிட்டுச் சொன்னார்.

"ஒண்டு சொல்லுறன், தம்பி. எழுதிப்போடாதையுங்கோ."

"சொல்லுங்கோ."

"பிறம்ரனிலை ஒரு கொம்பனியிலை கணக்கு எழுதிற கிளாக் வேலை எண்டுதான் அவர் எல்லாருக்கும் சொன்னவர். எனக்கும் அப்பிடித்தான். ஒருநாள் ஜக்கெற் தோய்க்கப் போடேக்கை பொக்கற்றுக்கை அவரின்ரை வேலை அட்டை கிடந்தது. அதிலை ஒரு பன்றி. சிரிச்சுக்கொண்டு நிக்கிற பன்றி."

"இறைச்சிக் கொம்பனியோ?"

"ஓம். நான் அதை எடுத்த இடத்திலையே திருப்பி வைச்சிட்டன். ஒண்டும் கேக்கேல்லை. ஆறு வருஷம் கேக்கேல்லை. வேலையாலை வந்தால் நேரை பாத்ரூம். ஒரு மணித்தியாலம் முழுகுவார். பிறகு நீறு பூசித் தேவாரம் படிச்சாப்பிறகுதான் தேத்தண்ணி. நான் கேட்டிருந்தால் அந்த மனிசன் குறுகிப்போயிருப்பார், தம்பி. பூசணிக்காய் வெட்டவே என்னைக் கூப்பிடுற ஆள். அங்கை தனிய நிண்டு என்னெண்டு கத்தி பிடிச்சாரோ."

சிறிது நேரம் ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடியின் உட்புறத்தில் நீர் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது.

"கோயிலிலை தெரிஞ்சால் அவர் தொட்ட தட்டுகூடத் தீட்டு எண்டு சொல்லுவினம். எனக்கு மிஞ்சியிருக்கிறது அவரின்ரை பேர் ஒண்டுதான். ஆனபடியால் எழுதிப்போடாதையுங்கோ."

"சீச்சீ, எழுதுவனே" என்றேன்.

கல்வெட்டில் எழுதவில்லை. "தனியார் நிறுவனமொன்றில் எழுதுவினைஞராகத் திறம்படக் கடமையாற்றினார்" என்று போட்டேன்.

மாறுவேடம்

கதையை மூன்று மத்தியானச் சாப்பாட்டு இடைவேளைகளில் எழுதினேன். தலைப்பு, "கத்திச் சாமியார்." பெயரை மாற்றினேன். ஊரைத் தீவுப் பக்கத்திலிருந்து வடமராட்சிக்கு மாற்றினேன். மீசை இல்லாதவருக்கு மீசை வைத்தேன். நம் எழுத்தாளர்களுக்குத் தெரிந்த மாறுவேடம் இவ்வளவுதான்.

பிலிம் டப்பாவை மட்டும் மாற்றவில்லை. மாற்றிப் பார்த்தேன். பாக்குப் பெட்டி என்று எழுதினேன், சுருக்குப் பை என்று எழுதினேன். எதுவும் டொக்கென்று திறக்கவில்லை. ஒரு சத்தத்துக்காக ஒரு மனிதரைக் காட்டிக்கொடுக்கலாமா என்ற கேள்வி அப்போது எனக்கு எழவே இல்லை. டப்பா நல்ல டப்பா என்றுதான் நினைத்தேன்.

கதை சிரிப்புக் கதை. ஆனால் ஓரிடத்தில் சாமியார், ஒவ்வொரு தரமும் கத்தியை வைப்பதற்கு முன் கண்ணை மூடி, எதிரே தொங்கும் பன்றியிடம், "கோவிக்காதை ராசா, எனக்கும் வேறை வழியில்லை" என்று சொல்வார். அதையும் சிரிப்புக்காகத்தான் எழுதினேன்.

எங்கள் வாரப் பத்திரிகையில் என் கதை ஒன்று வர வழக்கமாக மூன்று மாதம் ஆகும். அதற்குள் எல்லாம் ஆறிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஒரு சேலைக் கடை கடைசி நேரத்தில் தன் அரைப் பக்க விளம்பரத்தை வேண்டாமென்று சொன்னதை நான் அறியவில்லை. ஆசிரியர் அந்த ஓட்டையில் என் கதையைச் செருகினார். பத்திரிகையும் கல்வெட்டும் அச்சானது துரை அண்ணையின் ஒரே மெசினில்.

பெட்டிக்குள் இருந்தது

முப்பத்தொன்றாம் நாள். ஒரு மண்டபத்தின் நிலவறை. வாசலில் உருகிய பனி சேறாகிச் சப்பாத்துகளோடு உள்ளே வந்துகொண்டிருந்தது. முன்னால் ஒரு மேசையில் மாலை போட்ட படம். படத்துக்கு முன்னால் அவருடைய மூக்குக்கண்ணாடி, தேவாரப் புத்தகம், பிலிம் டப்பா.

கல்வெட்டுப் பெட்டிகளைத் துரை அண்ணை காரிலிருந்து இறக்கினார். "ஒரு பெட்டியைக் காலமையே வீட்டை குடுத்திட்டன், படத்துக்கு முன்னாலை வைக்க. நீர் மிச்சத்தை உடையும்" என்றார். உடைத்தேன். புத்தகங்கள் கசங்காமல் இருக்க, சுற்றிவரப் பத்திரிகைக் கழிவுத் தாள்களைச் சுருட்டி அடைத்திருந்தார். ஒரு தாளை விரித்தேன். "கத்திச் சாமியார்." கீழே என் பெயர், கொட்டை எழுத்தில். என் வாழ்க்கையில் என் பெயரை அவ்வளவு பெரிதாக யாரும் அச்சடித்ததில்லை.

காலையில் போன பெட்டியிலும் இதே தாள்தானா என்று துரை அண்ணையைக் கேட்டேன். "வேறை என்னத்தை அடையிறது?" என்றார்.

அதற்குள் கோயில் செயலாளர் கையில் வடையோடு வந்தார்.

"நேற்றுக் கடையிலை பேப்பர் எடுத்தனான். உம்முடைய கதை வாசிச்சுச் சிரிச்சு வயிறு நொந்துபோச்சு. உவனை எங்கை ஐசே பிடிச்சனீர்?"

"சும்மா கற்பனை, அண்ணை."

"உந்தப் பிலிம் டப்பாவை மட்டும் எங்கையோ கண்டமாதிரிக் கிடக்கு."

டப்பா அவருக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் மேசையில் இருந்தது. அவர் திரும்பாமல் இருக்க வேண்டுமே என்று அவரிடம் கோயில் கட்டட நிதியைப் பற்றிக் கேட்டேன். அந்தப் பேச்சை அவர் இலகுவில் விடமாட்டார் என்பது தெரியும். பேசிக்கொண்டே பார்த்தேன். மேசையில் டப்பா இல்லை. மனோன்மணி அக்கா அதை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, கோட்டுகள் தொங்கும் பக்கமாகத் தலையை அசைத்தார்.

ஈரக் கம்பளிக் கோட்டுகளின் நடுவில் நின்றோம். நான்காக மடித்த தாளை அவர் பிரித்தார். செருப்பால் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதிலை, கத்தி வைக்க முதல் அவர் கண்ணை மூடி மன்னிப்புக் கேக்கிறவர் எண்டு எழுதியிருக்கிறியள்."

"ஓம், அக்கா."

"அது ஆர் உங்களுக்குச் சொன்னது?"

நான் அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தேன்.

"நான் உங்களோடை பிறகு கோவிக்கிறன். இப்ப இதைச் சொல்லுங்கோ. அவர் அங்கை கல்லாய்ப் போனாரோ, இல்லாட்டி உள்ளுக்கை அழுதாரோ எண்டு ஆறு வருஷமாய் எனக்குத் தெரியாது. இது உண்மையெண்டால் எனக்குக் காணும், வேறை ஒண்டும் வேண்டாம். கூட வேலை செய்த ஆக்கள் ஆரும் சொன்னவையோ?"

கற்பனை என்று சற்று முன்னர்தான் செயலாளருக்குச் சொல்லியிருந்தேன். அங்கே அது பொய்யாக இருந்தது. இங்கே அதுவே உண்மை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

"ஓம், அக்கா" என்றேன். "கூட வேலை செய்த ஒரு ஆள் சொன்னவர்."

அவர் தாளைப் பழையபடி மடித்தார். "அப்ப நஸீராய்த்தான் இருக்கும். அவன்தான் காரிலை ஏத்திக்கொண்டு போறவன். செத்தவீட்டுக்கும் வந்து ஒரு மூலையிலை நிண்டவன். அவனை ஒருக்கா வீட்டை கூட்டிக்கொண்டு வாங்கோ. அவன்ரை வாயாலை கேக்கவேணும்."

சாட்சி தேடிப் போனது

உலகத்தில் எழுத்தாளர்கள் பாத்திரத்தைத் தேடிப் போயிருக்கிறார்கள். எழுதி முடித்த பிறகு அதற்குப் பொய்ச் சாட்சி தேடிப் பிறம்ரனுக்குப் போனவன் நானாகத்தான் இருப்பேன்.

நஸீர் கல்முனைக்காரர். முப்பது வயதிருக்கும். வேலை விட்டு வந்து ஒரு டோனட் கடையில் என்னைச் சந்தித்தார். கதையின் பிரதியைக் கொடுத்து, விஷயத்தைச் சொன்னேன். பன்றியிடம் மன்னிப்புக் கேட்டதைத் தான் பார்த்ததாக அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றேன். அவர் கதையை முழுக்கப் படித்தார். சிரிக்கவில்லை.

"பொய் சொல்லச் சொல்றீங்க. அதுவும் மௌத்தான மனுசனப் பத்தி."

"அந்த அம்மாவின்ரை ஆறுதலுக்காக, நஸீர்."

"ஐயா எங்க கத்தி புடிச்சார்? நானும் அவரும் ஒரே செக்சன். பெட்டி மடிக்கிற செக்சன்."

எனக்கு விளங்கவில்லை.

"கார்ட்போட் பெட்டி. தட்டையா வரும், மடிச்சு லைனுக்கு அனுப்பணும். வேலைக்குச் சேர்ந்த அன்டைக்கே நான் சுப்பவைசர்ட்ட சொன்னன், இத நான் தொடமாட்டன், எனக்கு ஹறாம் எண்டு. பின்னுக்கு நிண்ட ஐயா மெதுவா, எனக்கும் அப்படித்தான் எண்டார். சுப்பவைசர் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டுப் பெட்டிக்கு அனுப்பிட்டான். ஆறு வருசத்துல ஐயா இறைச்சியக் கண்ணால கண்டதில்ல. மணம் மட்டும் செவரத் தாண்டி வரும். அதுக்குத்தான் நீங்க எழுதின அந்தக் குளிப்பு."

"பிறகேன் வீட்டிலை மறைச்சவர்?"

"அவங்களுக்குத் தெரிஞ்சா அவர்ட கையால தண்ணிகூடக் குடிக்கமாட்டாங்க எண்டு பயம். ஒருநாளாவது கேட்டாச் சொல்லிடலாம், அவ கேக்கிறாளே இல்ல எண்டு கார்ல சொல்லிட்டு வருவார்."

என் தேத்தண்ணீர் ஆறிப்போயிருந்தது. ஒருவர் குறுகிப்போவாரே என்று மற்றவர் கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று அவர் சொல்லவில்லை. நடுவில் ஆறு வருடம் ஒரு பன்றி சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறது. நான் எழுதிய சிரிப்புக் கதையைவிட அது எவ்வளவோ மேலான கதை. எனக்கு அது தெரியாமல் போனது, நான் கேட்க நினைக்காததால்தான். வாக்கியம் கிடைத்ததும் ஓடிவிட்டேன்.

இரண்டு தட்டு

மறுநாள் பின்னேரம் நஸீரைக் கூட்டிப் போனேன். முதலில் என் பொய்யைச் சொன்னேன். மனோன்மணி அக்கா அதைக் காதில் போட்டதாகவே தெரியவில்லை. நஸீர் சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் அவரிடமே கேட்டார்.

"மெய்யாய்த்தானோ, தம்பி? இவர் சொல்லித்தந்து நீங்கள் சொல்லேல்லையே?"

அந்தச் சந்தேகத்துக்கு நான் முற்றிலும் தகுதியானவன்.

நஸீர் சுற்றிவரப் பார்த்தார். கதவோரம், கல்வெட்டு வந்த பெட்டி பிரித்துத் தட்டையாகச் சாத்தியிருந்தது. அதை எடுத்து நின்றபடியே ஒரு உதறு உதறினார். பக்கங்கள் எழுந்தன. அடியை மடித்துச் செருகி, உள்ளங்கையால் ஒரு மூலையில் ஒரு தட்டு, எதிர்மூலையில் ஒரு தட்டு.

"ஐயாதான் எனக்குக் காட்டினது. இந்த ரெண்டு தட்டும் வேற ஆரும் தட்டமாட்டாங்க. லைன்ல சிரிப்பாங்க."

மனோன்மணி அக்கா பெட்டியையே பார்த்தார்.

"தலகாணிக்கும் உப்பிடித்தான்" என்றார். "ஒவ்வொரு நாளும் படுக்க முதல். இந்த மூலையிலை ஒண்டு, அந்த மூலையிலை ஒண்டு. ஊரிலை உந்தப் பழக்கம் இல்லை. இஞ்சை வந்துதான் எங்கையிருந்தோ பிடிச்சுக்கொண்டு வந்தார். ஏனெண்டு நான் கேக்கேல்லை."

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். கணவர் இறந்த பிறகு அவர் வாய்விட்டு அழுதது அன்றுதான் என்று பின்னால் சொன்னார்கள். நானும் நஸீரும் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்தவர் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "இது எழுதக்கூடியதுதானே, தம்பி. இதைக் கல்வெட்டிலை போட்டிருக்கலாம்."

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் பிலிம் டப்பாவைக் கோயிலுக்குக் கொண்டுபோனார். செயலாளர் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தபோது, கேட்கட்டும் என்று காத்திருக்கவில்லை. "என்ரை மனிசன் பன்றிக் கொம்பனியிலை பெட்டி மடிச்சவர். இறைச்சி தொடமாட்டன் எண்டு சொல்லிக் கேட்டு வாங்கின வேலை" என்று நாலு பேருக்குக் கேட்கச் சொல்லி, மூடியை டொக்கென்று திறந்து நீட்டினார். செயலாளர் திருநீறு எடுத்தார் என்று கேள்வி. நான் அங்கே இல்லை. சில மாதங்கள் கோயில் பக்கம் போகவில்லை.

என்னோடு பிறகு கோவிப்பதாகச் சொன்னாரே, அந்த வாக்கை மனோன்மணி அக்கா காப்பாற்றினார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

நஸீர் பெட்டி மடித்துக் காட்டிய அன்றைக்கு இருவரும் லிப்டில் இறங்கினோம். ஆறாம் மாடி வரை பொறுத்திருந்தேன். எழுதுகிறவனின் புத்தி, கதை எப்படி என்று கேட்டேன்.

அவர் யோசித்தார்.

"எல்லாம் சரிதான், சேர். அவ்வளவு இறைச்சியையும் வெட்டித் தள்ளியிருக்கீங்க. அதெல்லாம் போடப் பெட்டி மடிச்சது ஆரு?"